ஈய உலை

கரட்டடி மடத்தின் குரு நாச்சியாரம்மாளிடம் தீட்சை வாங்கியவர்களில் கோமதிநாயகம் மூத்தவர். வயதில் அம்மாளைவிடவும் பெரியவர். ஊருக்குக் கிழக்கே, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை வைத்திருந்தார். வெள்ளி தவறாமல் மடத்துக்கு வருவார். கண்ணை மூடி உட்கார்ந்தால் முகத்தில் ஈ மொய்த்தாலும் அசையமாட்டார்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை பொன்னுத்தாய் வந்தாள். பட்டறைச் சுவரை ஒட்டிக் குடியிருப்பவள். ஓடியாட வேண்டிய வயதில் இருந்த மகள் மாரிக்கனியைத் தோளில் போட்டுத் தூக்கி வந்திருந்தாள்.

"வயித்துவலின்னு சுருண்டு சுருண்டு படுக்கா, தாயீ. போன வருசம் வாய் ஓயாமப் பேசின பிள்ள. இப்போ தண்ணி வேணும்னு கேக்கக்கூட வார்த்தையத் தேடுதா. ரத்தத்துல ஈயம் ஏறியிருக்காம். டாக்டர் சொல்லுதாரு. நீங்க துன்னூறு பூசிவிடுங்க."

அம்மாள் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். திருநீறு பூசவில்லை.

"டாக்டர் வேற என்ன சொன்னார்?"

"அந்த வீட்ட விட்டுப் போகச் சொன்னாரு. நான் எங்க போக?"

அவள் போன பிறகு கோமதிநாயகம் கண்ணைத் திறந்தார்.

"அம்மா, அந்தச் சிசு என்ன பாவம் செஞ்சது? போன பிறவி வினையா?"

"வாரும், போய்ப் பார்ப்போம்" என்று அம்மாள் எழுந்தார்.

பொன்னுத்தாயின் வீடு ஒற்றை அறை. வெறுந்தரையில் மாரிக்கனி படுத்திருந்தாள். ஜன்னல் கட்டையில் சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருந்தது. அம்மாள் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் வழித்தெடுத்து, சீடரின் உள்ளங்கையில் கொட்டினார்.

"வாயில் போடும்."

கோமதிநாயகம் கையை உதறினார். "அம்மா! இது விஷம்!"

"தெரியுமா உமக்கு?"

"தெரியாம என்ன? மூக்கையும் வாயையும் துணியால கட்டிக்கிட்டுத்தான் வேலை செய்யணும்னு பட்டறை ஆளுகளுக்கு உத்தரவே போட்டிருக்கேன்."

"தரையில் சிந்தின பொரியைப் பொறுக்கித் தின்கிற வயசு இவளுக்கு. இவளுக்கு என்ன உத்தரவு போட்டீர்?"

அவர் வெளியே போனார். வாசலில் இருந்த குடத்தைச் சரித்துக் கையைக் கழுவினார். திரும்பத் திரும்பக் கழுவினார். பொன்னுத்தாய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இந்தத் தூசி விஷம்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலியே, முதலாளி" என்றாள்.

திரும்பும் வழியில் கோமதிநாயகம் அம்மாளை நிறுத்தினார்.

"பரிகாரம் சொல்லுங்க, அம்மா."

"உலையை அணையும்."

"எத்தனையோ குடும்பம் அதுல கஞ்சி குடிக்குது."

அம்மாள் முன்னால் நடந்தார். அதோடு கோமதிநாயகம் மடத்துக்கு வருவது நின்றது.

மாரிக்கனியின் வயிற்றுவலி மருந்தில் அடங்கியது. போன பேச்சு திரும்பவில்லை. அவள் வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது இவளும் போனாள். பெயர் என்னவென்று வாத்தியார் கேட்டார். அவரையே பார்த்துச் சிரித்தாள். மறுபடி கேட்டார். அப்போதும் சிரித்தாள். இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

தை பிறந்ததும் கோமதிநாயகம் பழத்தட்டோடு மடத்துக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"உலையை அணைச்சிட்டீரா?"

"அதுக்கு அவசியமே இல்லாமப் பண்ணிட்டேன், அம்மா. பட்டணத்துல இருந்து இன்ஜினீயரைக் கூட்டியாந்து புகைபோக்கியைப் பனைமரத்துக்கும் மேல உசத்திட்டேன். புகை அப்படியே காத்தோட போயிருது. இனிமே நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராது. இப்போதான் மனசு லேசா இருக்கு."

அவர் தட்டை நீட்டினார். அம்மாள் அதை வாங்கவில்லை.

"இப்போ எந்த ஊரில் விழுது, நாயகம்?"