கடல் காணாமல் போன மாகாணம்

முன்னொரு காலத்தில், ஸ்வீடன் தேசத்தின் வடக்கு மாகாணத்தைப் பார்க்க ஆசைப்பட்டுக் கப்பலேறிய ஒரு ராஜா, சேற்றில் போய் மாட்டிக்கொண்டார்.

முழங்கால் சேற்றில் அரை மைல் நடந்து ஊர் வாசலை அடைந்தால், வரைபடத்தில் துறைமுகம் என்று போட்டிருந்த இடத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது! அவருடைய கொள்ளுப்பாட்டனார் கப்பலைக் கட்டிப்போட்ட இரும்பு வளையம், காய்ந்த பாறையில் நெஞ்சு உயரத்தில் தொங்கியது.

"என் கடல் எங்கே?" என்று கத்தினார் ராஜா.

மந்திரி ஸ்டூரேவுக்குச் சபை விகடன் எஸ்கிலைக் கண்டாலே ஆகாது. அந்தத் துறைமுகத்தின் காவலர் இங்வாரோ எஸ்கிலின் அக்காள் கணவர். சும்மா விடுவாரா மந்திரி?

"அரசே, இந்த இங்வார் மண்ணைக் கொட்டிக் கடலைத் தூர்த்துவிட்டான். இது ராஜதுரோகம். இவன் தலையை வாங்குங்கள்!"

இங்வார் அப்படியே மண்டியிட்டார். "ஐயோ சாமி, ஒரு கூடை மண்ணுகூட நான் போடலைங்க! தண்ணி தானா விலகுதுங்க. எங்கப்பா காலத்துலயும் இப்படித்தாங்க."

"உண்மைதான், அரசே," என்றான் எஸ்கில். "இந்த மாகாணத்தில் நிலம் வருஷத்துக்கு அரை விரற்கடை மேலே எழும்புகிறது."

சபையோர் கொல்லென்று சிரித்தார்கள். "அப்படியானால் போன கடலை இவனே அழைத்து வரட்டுமே," என்றார் ஸ்டூரே.

"நல்ல யோசனை. நாளை அந்திக்குள் இந்த ஊர் வாசலில் அலை அடிக்க வேண்டும். இல்லையேல் இருவர் தலையும் போகும்," என்றார் ராஜா.

ராஜாவைச் சிரிக்கவைத்தே சோறு தின்ற எஸ்கில், அன்று இங்வாரோடு ஊர் வாசலுக்கு எதிரே போய் உட்கார்ந்தான்.

"மச்சான், உங்கக்காகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்று அழுதார் இங்வார்.

எஸ்கில் அந்த வாசலையே வெறித்தான். இரண்டு பைன் மரத் தூண்கள், மேலே ஒரு குறுக்குச் சட்டம், அதில் ராஜ முத்திரை. அவ்வளவுதான்.

"மாமா, இதைத் தூக்க எத்தனை ஆள் வேணும்?"

மறுநாள் மாலை ராஜா வந்து பார்த்தார். வாசல் இருந்த இடத்தில் இரண்டு குழிகள்! பதறிப்போய்க் கடற்கரைக்கு ஓடினார். அங்கே தண்ணீர் விளிம்பில் நின்றது வாசல். தூண்களில் அலை சளசளவென்று அடித்தது.

"மோசடி! கடலைக் கொண்டுவரச் சொன்னால் வாசலைத் தூக்கிப் போயிருக்கிறான்!" என்று குதித்தார் ஸ்டூரே.

"வாசலில் அலை அடிக்க வேண்டும் என்பதுதான் கட்டளை. அடிக்கிறது," என்றான் எஸ்கில். "தவிர, அரசே, சாசனப்படி இந்த வாசல் வரைக்கும் தங்கள் ஊர். அரை மைல் புது நிலம் சேர்ந்திருக்கிறது, ஒரு சிப்பாய்கூடச் சாகாமல்."

ராஜா பின்னால் திரும்பி நிலத்தைப் பார்த்தார். மந்திரியின் முகத்தைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். இங்வார் பிழைத்தார். கப்பலைச் சேற்றிலிருந்து தள்ளும் வேலை ஸ்டூரேவுக்குக் கிடைத்தது.

"எஸ்கில், உனக்கு என்ன வேண்டுமோ கேள்."

"வாசலுக்கு நாலு சக்கரம் வேண்டும், அரசே. நிலம் எழும்புவதை இன்னும் நிறுத்தவில்லை."

ராஜா திடுக்கிட்டுத் தன் காலடியைக் குனிந்து பார்த்தார். பிறகு, மறுபடி சிரித்துக்கொண்டே, தச்சரைக் கூப்பிட்டனுப்பினார்.