அகப்பைக் காம்பு கட்டிய ராஜா

முன்னொரு காலத்திலே மாங்கொல்லைச் சீமையைத் திடவிரதன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டதைவிடக் கர்லாக்கட்டை சுற்றியதுதான் அதிகம்! அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. வருசா வருசம் முடிசூட்டு நாளன்று ராஜாவின் கட்டையில் ஒரு வீசை எடை கூடும். கூட்டலாம், குறைக்கக் கூடாது. குறைத்தால் சீமைக்கே மானக்கேடாம். இதைக் கிளப்பிவிட்டவர் ராஜா கட்டை சுற்றும் அரண்மனைக் கோதாவுக்கு அதிகாரியான கொண்டல்ராயர்.

பன்னிரண்டாம் வருசம், பன்னிரண்டு வீசைக் கட்டை. மறுநாளே ராஜாவின் மணிக்கட்டு வீங்கிப்போச்சு. சோற்றை உருட்டினால் பாதி வாய்க்கு, பாதி மீசைக்கு!

"யார் செய்த வேலை இது?" என்று சபையில் கத்தினார்.

கட்டை கடையும் மாசாணத்தை ராஜா ஒருநாள் வாயாரப் புகழ்ந்திருந்தார். அதிலிருந்து ராயருக்கு ஒரே வயிற்றெரிச்சல். "பிரபு, கட்டையில் கோணல். மாசாணம் வேண்டுமென்றே செய்திருக்கிறான். அவன் கட்டைவிரலை எடுத்துவிடலாம்!"

"எடுங்கள், சாயங்காலத்துக்குள்!"

சபை ஓரத்தில் நின்ற மாசாணம் ஆடிப்போனார். விரல் போனால் உளியை எதனால் பிடிப்பது? குடும்பம் எதைச் சாப்பிடுவது?

ராஜாவுக்குக் கஞ்சி கொண்டுவந்த மடைப்பள்ளிக் குருவம்மா அங்கேயே நின்றுவிட்டாள். "சாமி, இவர் கடைஞ்ச அகப்பையிலதான் இருபது வருசமாக் கூழ் கிண்டுறேன். இவர் கையில கோணல் கிடையாது."

"அகப்பையும் கர்லாக்கட்டையும் ஒன்றா?" ராயர் சிரித்தார்.

"பிடிக்கிற கை ஒண்ணுதானே, ஐயா? புதுசா வர்றவ பெரிய அண்டாவுல மணிக்கட்டை வளைச்சு வளைச்சுக் கிண்டுவா. மூணாம் நாள் கை வீங்கும். அதனால அவ முன்கையிலேர்ந்து புறங்கை வரைக்கும் ஒரு மெல்லிசான அகப்பைக் காம்பைச் சேர்த்துக் கட்டிவிடுவேன். கை வளைஞ்சா காம்பு முறியும். முறிச்சவ சின்னப் பானைக்குப் போகணும். இங்கயும் கட்டிப் பார்ப்போமே! காம்பு முறியாம இருபது சுத்து சுத்துறவர்தான் நிஜப் பலசாலி."

பலசாலி என்றதும் ராஜாவுக்குக் குஷி. எல்லாரையும் கோதாவுக்குக் கூட்டிப்போனார். "ராயரே, முதலில் நீர்!"

பாவம், ராயர் கட்டையைத் தொட்டே ஏழு வருசம். முடியாது என்று சொல்ல வாய் வருமா? கையில் காம்பைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு வீசையைத் தூக்கினார். மடக்! காம்பு இரண்டு துண்டு. கட்டை மண்ணில், ராயர் அதன் பக்கத்தில்.

அடுத்து ராஜா. அதே கட்டையைத் தோள்வரை தூக்கினார். காம்பு கிறீச்சிட்டது. சட்டென்று இறக்கிவிட்டு, சுவரோரம் இருந்த முந்தைய வருசங்களின் கட்டைகளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"குருவம்மா, எந்தக் கட்டை என்று நீ சொல்லவில்லையே?"

"சொல்லலையே, சாமி!" அவள் கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜா மூன்று வீசைக் கட்டையை எடுத்தார். மெதுவாக, நிதானமாக இருபது சுற்று. காம்பு அப்படியே இருந்தது.

"அட, வலி கம்மியா இருக்கே!" என்று குதித்தார். பிறகு முகம் சுருங்கியது. "அப்படியானால் கோணல் கட்டையில் இல்லை."

"மணிக்கட்டுலதான், சாமி. கனம் தாங்காம வளைஞ்சிருக்கு. வீக்கம் வத்துறவரை கையை ஆறப்போடுங்க."

"மாசாணம், ராயர் பேச்சைக் கேட்டு உன் விரலை எடுக்கப் பார்த்தேனே, மன்னித்துவிடு!" என்று தன் சால்வையை அவருக்குப் போர்த்தினார் ராஜா. குருவம்மாவுக்குப் பொற்கடகம். கட்டையின் எடையைக் குறைக்கவும் செய்யலாம் என்று அன்றே முரசு அறைந்தார்கள்.

ராயரையா? கையில் காம்பைக் கட்டி மடைப்பள்ளிக்கு அனுப்பினார்கள். மூன்று மாசமாகியும் குருவம்மா அவரைப் பெரிய அண்டாப் பக்கமே விடவில்லை.