பாலிஷ் போட்டுக்கொண்ட நீலப் பாய்

காது கேட்கும் மெஷின் செய்கிற பட்டறை ஒன்றில், மேசைமேல் ஒரு நீல ரப்பர் பாய் வாழ்ந்துவந்தது. நடந்தும் உரசியும் நம் உடம்பில் சேருகிற மின்சாரம் நமக்குப் பெரும்பாலும் தெரியாது. மெஷினுக்குள் வைக்கிற கடுகளவு சிப்புக்கோ அது எமன். அதைக் கையிலிருந்து வாங்கி, பச்சை வயர் வழியாகத் தரைக்கு அனுப்புவதுதான் பாயின் உத்தியோகம்.

நல்ல உத்தியோகம்தான். பாய்க்குத்தான் திருப்தி இல்லை. உடம்பெல்லாம் சூடுபட்ட தழும்பு. வரவேற்பறைக் கண்ணாடி மேசையோ என்னமாய் மின்னுகிறது!

அன்று வெளியூர்க்காரர்கள் பட்டறையைப் பார்க்க வருவதாக இருந்தது. "ஜெனோவா, எல்லாம் பளபளன்னு இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார் சூப்பர்வைசர் தணிகாசலம். அந்த மேசையில் வேலை பார்க்கும் ஜெனோவாவும் அவசரத்தில் தன் ஸ்கூட்டர் பாலிஷை எடுத்துப் பாயைத் தேய்த்துவிட்டாள். பாய்க்குத் தலைகால் புரியவில்லை.

"அக்கா, உன்கிட்டேருந்து எனக்கு ஒண்ணுமே வரலையே" என்றது பச்சை வயர்.

"மேசைக்கு அடியிலே கிடக்கிறவனுக்கு மேலே நடக்கிறது என்ன தெரியும்? சும்மா இரு."

டப்பாவுக்குள்ளிருந்து சின்னச் சிப்பு எட்டிப் பார்த்தது. "அத்தை, இன்னிக்கு என்னை உங்க மேலேதான் வைப்பாங்களாம். ஒண்ணும் ஆகாதே?"

"என் மினுமினுப்பைப் பார்த்துமா கேக்கிறே?" என்றது பாய்.

வேலை தொடங்குமுன் ஜெனோவா சோதனை மீட்டரைக் கொண்டுவந்தாள். "என்னம்மா, பொண்ணு பாக்க வர்றாங்களா? இந்தச் சிங்காரம்!" என்று கேட்டுக்கொண்டே மீட்டர் தன் குண்டுக்கால் ஒன்றைப் பாய்மேல் ஊன்றியது. அதன் இன்னொரு வயரை ஜெனோவா தரைக் கம்பியில் மாட்டினாள்.

"கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டேன். உள்ளே யாரும் திறக்கல" என்றது மீட்டர்.

சிவப்பு விளக்கு எரிந்தது. ஜெனோவா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, பாலிஷ் போட்டு வழியையே அடைச்சுட்டேனே! இதுமேலே சிப்பை வெச்சிருந்தா செத்திருக்குமே!"

பாய்க்குச் சிப்பு கேட்டது நினைவுக்கு வந்தது. தன்னை நம்பிக் கேட்ட குழந்தைக்கா அப்படிப் பதில் சொன்னோம்? ஜெனோவா அதற்கென்றே உள்ள திரவத்தால் அழுத்தித் துடைத்தபோது, மினுமினுப்பெல்லாம் துணியோடு போயிற்று. தழும்புகள் திரும்ப வந்தன.

மீட்டர் மறுபடி கால் ஊன்றியது. பச்சை விளக்கு எரிந்தது. ஜெனோவா பாய்மேல் உள்ளங்கையை வைத்தாள். "வந்துடுச்சு அக்கா, வந்துடுச்சு!" என்று அடியிலிருந்து வயர் கத்தியது. அப்புறம்தான் அவள் சிப்பை எடுத்துப் பாய்மேல் வைத்தாள்.

வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். கண்ணாடி மேசையை ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். பாயை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னம்மா, பொண்ணு பிடிக்கலையாமே?" என்று சீண்டியது மீட்டர்.

"உஷ்! மெதுவாப் பேசு" என்றது பாய். "குழந்தை இப்பத்தான் தூங்குது."