சிவப்புக் கோடு

"டீச்சர், இன்னும் என்ன குறை?" என்று கேட்டார் யோவேல்.

தங்கநேசம் கணினியின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்வை போன பிறகு, திரையில் இருப்பதை அவருக்கு அதுதான் வாசித்துக் காட்டுகிறது.

வயதில் மூத்தவர் யோவேல்தான். கணினி நிரல் எழுதக் கற்றது தங்கநேசத்திடம். இப்போது முதன்முதலாகத் தனியாக மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பாக ஒரு லைப்ரரி எழுதியிருந்தார். நிரலுக்குள் எழுதிவைக்கும் குறிப்புகளை அது எடுத்து எச்.டி.எம்.எல். வலைப்பக்கங்களாக ஆக்கித் தரும். லைப்ரரிக்கான விளக்கப் பக்கங்களையும் அதைக்கொண்டே ஆக்கியிருந்தார்.

டீச்சர் ஒரு சொல் சொன்னால் மாலையே வெளியிட்டுவிடலாம்.

"பாத்தவங்க எல்லாம் அழகுன்னு சொல்றாங்க. எழுத்து, இடைவெளி, நிறம் எல்லாம் பாத்துப் பாத்து வச்சிருக்கேன்."

"எனக்குப் பாக்க முடியாதே அண்ணாச்சி. உங்க பக்கத்துல சொல்ற மாதிரி ஒரு தடவை செஞ்சு பாக்கேன்."

"செய்யுங்க டீச்சர்."

"நம்ம பழைய பக்கமெல்லாம் நினைவிருக்கா?"

"இல்லாமலா!"

அன்று அவர்களுக்குச் சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை. மின்விசிறியின் நிழல் திரையில் ஓடும். டீச்சருக்கு அப்போது கண் தெரியும். விளக்கப் பக்கம் ஒவ்வொன்றையும் கையாலேயே தட்டச்சு செய்வார். வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து, நீல இணைப்பு. வேறு அலங்காரம் கிடையாது. எதையாவது அழித்துவிடக்கூடிய கட்டளை வந்தால் மட்டும் தனி வரியில் 'நில்' என்று ஒரு சொல் இருக்கும். விளக்கம் அதற்குப் பிறகுதான்.

"ஸ்கூல் டிரில் மாதிரில்லா இருக்கு," என்று யோவேல் கேலி செய்வார்.

"டிரில் மாஸ்டர் சொன்னா நீங்க நிப்பீங்கல்லா?" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் அடுத்த 'நில்'லை அடிப்பார்.

கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருப்பார்கள்.

"அந்தப் பக்கமெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கு," என்றார் டீச்சர். "உங்க பக்கங்களையும் அது கூடவே வைக்கேன். ஒண்ணா இருக்கட்டும்."

யோவேல் அதைக் காதில் வாங்கவில்லை. மனம் இன்னும் அந்த மாடியில் இருந்தது.

"இக்கட்டளை, நீங்கள் குறிப்பிடும் ஃபோல்டரில் பக்கங்களைச் சேமிக்கும்," என்று கணினி வாசித்தது. டீச்சர் ஃபோல்டரின் பெயரை அடித்தார். விசையைத் தட்டினார்.

"முடிந்தது," என்றது கணினி.

யோவேல் திரும்பித் திரையைப் பார்த்தார்.

"டீச்சர், எந்த ஃபோல்டர் குடுத்தீங்க?"

"பழசெல்லாம் இருக்கதுதான். ஏன்?"

யோவேல் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தார்.

"என்னாச்சு அண்ணாச்சி? சொல்லுங்க."

"அந்தக் கட்டளை முதல்ல ஃபோல்டரைக் காலி பண்ணிட்டுத்தான் புதுசை வைக்கும். பழசு எல்லாம் போயிட்டு."

டீச்சரின் கை விசைப்பலகை மேல் அப்படியே இருந்தது.

"விளக்கத்துக்குப் பக்கத்துலயே சிவப்புக் கோடு போட்டிருந்தேனே டீச்சர்! சிவப்புக் கோடு இருந்தா அழிக்கும்னு முதல் பக்கத்துல சொல்லியும் இருக்கேன்."

"அது கேட்டுது. கோட்டைத்தான் கேக்கல. கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க."

"எதை?"

"அந்தச் சிவப்பை."

யோவேல் கோட்டைப் பார்த்தார். அதில் வாசிக்க ஒரு எழுத்தும் இல்லை.

டீச்சர் கோபப்படவில்லை. "அந்தப் பழைய பக்கங்களை வாசிக்கச் சொன்னா, எனக்குக் காத்தடிக்கிற சத்தமும் சேந்து கேக்கும்," என்றார்.

யோவேல் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். அந்தக் கட்டளையின் விளக்கத்துக்கு மேலே ஒரு சொல்லைச் சேர்த்தார். பக்கத்தைத் திரும்ப ஆக்கினார். விசைப்பலகையை டீச்சரின் கைக்கடியில் வைத்தார்.

"இன்னொரு தடவை செய்யுங்க டீச்சர்."

டீச்சர் விரலை நீட்டினார். கணினி கட்டளையின் பெயரை வாசித்தது.

பிறகு, "நில்," என்றது.

டீச்சரின் விரல் விசையைத் தொடாமல் நின்றது.