ஒரு குடை, இரண்டு தலை

மருதங்குளத்து ராஜாவுக்கு ஐந்து வயது. அவர் வளரும்வரை சிற்றப்பா திருமலைக்கொழுந்து பிரதிநிதியாக நாட்டை ஆண்டார். ஊர்வலத்தில் ராஜாவின் தலையை விட்டு வெண்குடை விலகினால் குடைக்காரனை நாடு கடத்துவது அங்கே வழக்கம்.

தெப்பத் திருவிழாவன்று பிரதிநிதி, குடைக்காரன் இருளப்பனைக் கூப்பிட்டார்.

"இன்றைக்குக் குடையை எனக்குப் பிடி."

"அப்போ ராஜாவுக்கு, சாமி?"

"அவருக்கும் விலகக்கூடாது. விலகினால் நீ எல்லை தாண்டவேண்டியதுதான்."

இருளப்பன் கையிலிருந்த குடையைப் பார்த்தான். இருப்பதோ ஒரே குடை. பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போவது? தலையைச் சொறிந்தபடி சொன்னான்.

"ராஜாவைத் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள், சாமி. ஊரே உங்களைக் குடைக்கடியில் பார்க்கும்."

பிரதிநிதிக்கு வாயெல்லாம் பல். அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தார். ராஜா அவர் குடுமியைக் கடிவாளமாகப் பிடித்துக்கொண்டார்.

"ராஜாவுக்குப் புதுக் குதிரையா?" என்று பூக்காரி கேட்க, வீதியே சிரித்தது.

பிரதிநிதி பல்லைக் கடித்தார். "இறக்கிவிடப் போகிறேன்டா."

"விடுங்கள் சாமி. குடையும் அவரோடு இறங்கிவிடும்."

குடையை விட மனமில்லாமல் கோயில்வரை சுமந்தார். அங்கே ராஜா குனிந்து அவர் காதில் சொன்னார்.

"சிற்றப்பா, இன்னொரு சுற்று."

ராஜாவின் உத்தரவாயிற்றே. இருளப்பன் குடையை நிமிர்த்திப் பிடித்தான்.