பன்னிரண்டு குழி தோண்டிய வெள்ளெலி

முள்ளும் புதரும் புல்லும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு காட்டில் வெள்ளெலி ஒன்று இருந்தது. தன்னைவிடக் கெட்டிக்காரி யாரும் இல்லை என்று அதற்கு நினைப்பு.

மழைக்காலத்துக்காக அது புல்விதை சேர்த்தது. பன்னிரண்டு குழி தோண்டி நிரப்பி மூடியது. ஒரு குழிக்குப் போன வழியில் இன்னொன்றுக்குப் போகாது. மூடிய குழியை மறுபடி எட்டியும் பார்க்காது.

பக்கத்து வளைப் பெருச்சாளியோ தினமும் ஒரே வழியில் போய், ஒரே குழியில் போட்டுவிட்டு வரும். புல் தேய்ந்து தடமே விழுந்துவிட்டது. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு கௌதாரி ஒன்று வந்து பாதி விதையைத் தின்றுவிட்டுப் போனது.

"திருடனுக்கு நீங்களே வழி போட்டுக் கொடுக்கிறீர்களே, அண்ணே! என் குழிகளை அந்தக் கௌதாரியின் பாட்டன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது" என்று சிரித்தது வெள்ளெலி.

"இருக்கலாம் தங்கச்சி. எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வழிதான்" என்றது பெருச்சாளி.

மழை வந்தது. எட்டு நாள் விடாமல் கொட்டியதில் தடமும் மணமும் கரைந்து போயின. வெள்ளெலியின் மூன்று குட்டிகளும் பசியில் கத்தின.

"இதோ, ஒரு நொடியில் வருகிறேன்!" என்று ஓடியது வெள்ளெலி.

காரைப் புதருக்கு இடப்பக்கமா? இல்லை, அது நாலாவது குழி. நாலாவதா, ஏழாவதா? வெள்ளைக் கல்லுக்கு அருகில் தோண்டியது. வெறும் மண். அப்படியானால் அது வேறு கல்லோ? எந்தப் புதரும் பார்த்தது போலவும் இருந்தது, பார்க்காதது போலவும் இருந்தது. ஒரே இடத்தை மூன்று முறை தோண்டிவிட்டு, "ஐயோ, யாரோ எனக்கு முன்பே தோண்டிவிட்டார்களே!" என்று அழுதது. பாவம்!

அந்த நேரம் பெருச்சாளி தூறலில் கண்ணை மூடிக்கொண்டு வந்தது. தடம் இல்லாவிட்டாலும் கால் தானாகப் போய் நின்றது. தோண்டியதும் மீதிப் பாதி கிடைத்தது.

"எப்படி அண்ணே?"

"தெரியவில்லையே! அத்தனை தடவை நடந்திருக்கிறேன் அல்லவா?" என்று சொல்லி, குட்டிகளுக்கென்று அது விதை அள்ளிக் கொடுத்தது. வெட்கத்தோடு வாங்கிக்கொண்டது வெள்ளெலி.

மழை விட்டது. காட்டில் பன்னிரண்டு இடங்களில் பச்சைப்பசேலென்று முளை கிளம்பியது.

"அட, இங்கேயா!" என்று வெள்ளெலி பாய்ந்து போவதற்குள் கௌதாரி குடும்பத்தோடு வந்து கொத்திக்கொண்டிருந்தது.

"வா, வா! எந்த மடையன் இவ்வளவையும் புதைத்துவிட்டுப் போனானோ, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டது கௌதாரி.

"தெரியாது" என்றது வெள்ளெலி.

நீதி: ஒரு முறை போன வழி மறந்துபோகும், பல முறை போன வழியே மனத்தில் பதியும்.