முதுகில் ஏறிய காவல்

ஒரு காட்டுக்குள்ளே ஒரு குளம் இருந்தது. கோடை வந்தால் சுற்றியுள்ள ஓடையெல்லாம் வற்றிப்போகும். குளம் மட்டும் வற்றாது. அதனால் மான், முயல், பன்றி, யானை எல்லாருக்கும் அதுதான் கதி. அது சிறுத்தைக்கும் நன்றாகத் தெரியும்.

அங்கே தண்ணீர் குடிப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. பாதிப் பேர் குனிந்து குடிப்பார்கள். மீதிப் பேர் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தபடி நிற்பார்கள். குடித்தவர்கள் நிமிர்ந்த பிறகுதான் நின்றவர்கள் குனியலாம். கரையில் இருந்த மருத மரத்தின் உச்சியில் கருமூஞ்சி என்கிற மந்தி உட்கார்ந்திருப்பாள். புல் கொஞ்சம் அசைந்தால் போதும், "கக்! கக்!" என்று கத்துவாள். எல்லாரும் சிதறி ஓடுவார்கள்.

பல நாள் அது வெறும் காற்றாகத்தான் இருக்கும். "இந்த மந்திக்கு வேற சோலியே இல்ல!" என்று திட்டிக்கொண்டே திரும்பி வருவார்கள். ஒரே மூச்சில் வயிறு நிறையக் குடித்தவர் அந்தக் குளத்தில் யாருமில்லை. ஆனால் அநேகமாக எல்லாரும் உயிரோடு திரும்பிப் போனார்கள்.

செவலை என்ற புள்ளிமான் அந்தக் கோடையில்தான் குட்டி போட்டிருந்தாள். நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்ததால் குட்டிக்குப் பொட்டு என்று பெயர். செவலைக்குப் பால் பற்றவில்லை. காவல் முறை வரும்போதெல்லாம் நாக்கு உலர நின்றுகொண்டு, மற்றவர்கள் குடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பொட்டு மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அழும். பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

அப்போதுதான் மைனாக்கள் வந்தன. கூட்டத்துக்குத் தலைவன் மஞ்சக்காலன். பேச்சில் தேன் ஒழுகும்.

"அண்ணாச்சிமாரே, அக்காமாரே! எதுக்கு இந்தப் பாடு? எல்லாரும் ஒண்ணா குனிஞ்சு நிம்மதியாக் குடிங்க. நாங்க ஆளுக்கு ஒருத்தர் உங்க முதுகுல உட்கார்ந்து பார்த்துக்கிறோம். சிறுத்தை வாடை அடிச்சாலே கத்திருவோம். கூடவே உங்க உண்ணியையும் பொறுக்கி எடுத்துருவோம். எல்லாம் இலவசம்!"

"இலவசமா?" என்று முயலின் காது இரண்டும் நிமிர்ந்தன.

"முழுக்க இலவசம்! நாங்க சொல்றதைக் கேட்டுட்டு ஒரு தடவை தலையை ஆட்டுங்க, போதும்."

சொல்லிவிட்டு மஞ்சக்காலன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்க ஆரம்பித்தான். கீச்சுகீச்சென்று ஒரே வேகம். "உண்ணி உள்ளவரை நாங்கள் இருப்போம் எங்கே உட்காருவது எங்கள் விருப்பம் எந்தக் கரையில் குடிப்பது என்பதை நாங்களே முடிவு செய்வோம் எதையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வோம்..." அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

பன்றிக்கு முதுகு அரித்தது. "சரி சரி, ஆட்டியாச்சு! ஏறு!" என்றது.

முயல் ஆட்டியது. காட்டில் அநேகமாக எல்லாரும் ஆட்டினார்கள். நாமும் கைபேசியில் ஏதாவது கேட்டால் ஒரு வரியும் படிக்காமல் 'சரி'யை அழுத்துகிறோமே, அந்த மாதிரிதான்.

மரத்திலிருந்து கருமூஞ்சி கேட்டாள்: "அது என்ன சொல்லுச்சுன்னு யாருக்காவது தெரியுமா?"

"உனக்கு வேலை போயிருமேன்னு வயித்தெரிச்சல்!" என்றது பன்றி.

"வேலையா? எனக்கு யாரு படியளந்தா? நான் கீழ இறங்கிக் குடிக்கும்போது நீங்க பார்த்தீங்க. நீங்க குடிக்கும்போது நான் பார்த்தேன். அம்புட்டுத்தான்." பிறகு அவள் செவலையைப் பார்த்தாள். "மதினி, நீயாவது யோசி."

செவலை யோசித்தாள். 'உண்ணி உள்ளவரை' என்று அந்த மைனா ஏதோ சொன்னது ஒரு காதில் விழுந்திருந்தது. என்னவென்று கேட்க வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துப் பொட்டு பசியில் வீறிட்டது.

"யோசிக்கவெல்லாம் எனக்கு நேரமில்ல மதினி. எம்புள்ளைக்குப் பால் வேணும்" என்று சொல்லிவிட்டுத் தலையை ஆட்டினாள்.

அன்றைக்குச் செவலை வயிறு நிறையக் குடித்தாள். மடி கனத்தது. பொட்டு குடித்துக் குடித்து, வாயோரம் நுரையோடு அப்படியே தூங்கிப்போனது. அதை யார் குறை சொல்ல முடியும்?

கருமூஞ்சி மட்டும் காட்டுக்குத் தலைவரான பெரியகொம்பன் யானையிடம் போனாள். அவர் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் மைனாக்கள் சொறிந்துகொண்டிருந்தன.

"ஐயா, மைனா இருந்துட்டுப் போகட்டும். ஆனா பாதிப் பேர் தலைதூக்கி நிக்கிற வழக்கத்தை விடக்கூடாதுன்னு ஒரு சட்டம் போடுங்க."

"அதெப்படிம்மா? யாரைக் காவலுக்கு வச்சுக்கிறதுங்கிறது அவங்கவங்க விருப்பம். அதுல நான் மூக்கை நுழைக்கலாமா?"

"இம்புட்டு நீள மூக்கை வச்சுக்கிட்டு இப்பத்தான் நுழைக்க மாட்டேங்கிறீங்க!" என்றாள் கருமூஞ்சி. "சிறுத்தை உங்களை என்ன செய்யும்? சின்ன உசுருங்களைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

பெரியகொம்பன் சிரித்தார். "காடு முன்னேறும்போது குறுக்க நிக்காதே. போ, போ."

சில நாள் கழித்து மஞ்சக்காலனே அவரிடம் போனான். "ஐயா, அந்த மந்தி சும்மா சும்மா கத்துது. ஒரு பக்கம் அவ சத்தம், ஒரு பக்கம் எங்க சத்தம். எதை நம்புறதுன்னு சனங்களுக்குக் குழப்பமா இருக்கு."

மறுநாளே சட்டம் வந்தது. மைனாவின் குரல்தான் இனி காவல் குரல். மற்ற யார் கத்தினாலும் பீதி கிளப்பிய குற்றம்.

விருப்பத்தில் மூக்கை நுழைக்காதவர் இதில் மட்டும் தும்பிக்கையையே நுழைத்துவிட்டார்.

கோடை முற்றியது. ஒரு நாள் மஞ்சக்காலன் அறிவித்தான். "இனிமே எல்லாரும் வடக்குக் கரையில வந்து குடிங்க. மத்த கரைக்கு நாங்க காவல் பொறுப்பில்ல."

வடக்குக் கரை சேறு. ஆளை மறைக்கும் உயரத்துக்குக் கோரைப்புல். அங்கே பூச்சி அதிகம். மைனாக்களுக்கு அது போதாதா?

செவலைக்கு மனசு கேட்கவில்லை. "கோரைக்குள்ள எது படுத்திருந்தாலும் தெரியாதே தம்பி. நான் எம்புள்ளையைக் கூட்டிக்கிட்டு மருத மரத்துக் கரைக்கே போயிருதேன்."

"தாராளமாப் போங்கக்கா!" என்றான் மஞ்சக்காலன். "நாங்க யாரையும் கட்டிப்போட்டா வச்சிருக்கோம்? எங்க காவல் பிடிக்கலையா, விட்டுட்டுப் போங்க. அது உங்க விருப்பம்!"

செவலை போனாள். ஆனால் தனியாக எப்படிக் குடிப்பது? குனிந்தால் பார்க்க ஆளில்லை. பார்த்தால் குடிக்க முடியாது.

"முயலண்ணே, ஒரு நிமிசம் எனக்காகத் தலைதூக்கி நில்லேன். பிறகு உனக்காக நான் நிக்கேன்."

"எனக்குத்தான் மைனா இருக்கே! நான் எதுக்குக் கால் கடுக்க நிக்கணும்?"

பன்றியைக் கேட்டாள். "எல்லாக் கரையிலயும் ஒரே தண்ணிதானே? எங்க குடிச்சா என்ன? ஊரோட ஒத்துப் போ தாயீ!" என்றது பன்றி.

கருமூஞ்சி மரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கத்தக்கூடாது என்று சட்டம். "நான் பார்த்தாலும் சொல்ல முடியாதே மதினி" என்று மெதுவாகச் சொன்னாள்.

தாகம் எத்தனை நேரம் பொறுக்கும்? செவலை வடக்குக் கரைக்கே திரும்பினாள். மஞ்சக்காலன் மறுபடி ஒப்பித்தான். அவள் மறுபடி தலையை ஆட்டினாள்.

இதற்குள் இன்னொன்றும் நடந்தது. பொறுக்கிப் பொறுக்கி, காட்டில் உண்ணியே இல்லாமல் போய்விட்டது. எல்லார் முதுகும் வழுவழுவென்று மின்னியது. ஆளுக்கு ஒன்றாக உட்கார்ந்த மைனாக்கள் முதுகை விட்டு இறங்கின. தள்ளியிருந்த இலவ மரத்தில் கூட்டமாக உட்கார்ந்துகொண்டு, "இங்கேயிருந்தே பார்க்கிறோம்" என்றன. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் வந்தால் ஆபத்து, வராவிட்டால் நிம்மதி. அப்படியே பழகிவிட்டது.

மலைக்கு அந்தப் பக்கம் புதிதாகக் காட்டெருமைக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. உடம்பெல்லாம் உண்ணி! ஒரு காலையில் மைனாக்கள் அத்தனையும் கிளம்பி அங்கே பறந்துபோயின. போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இலவ மரம் காலியாக நின்றதை யாரும் பார்க்கவுமில்லை. தலைதூக்கிப் பார்க்கிற பழக்கம்தான் போய்விட்டதே!

அன்று பொழுது சாயும் நேரம். எல்லாரும் வரிசையாகக் குனிந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். பொட்டு அம்மாவை ஒட்டி, முன்னங்கால் இரண்டும் சேற்றில் புதைய, தண்ணீரில் வாய் வைத்தது.

கோரை அசைந்தது.

கருமூஞ்சி மருத மரத்திலிருந்து பார்த்துவிட்டாள். மஞ்சள் தோல். கரும்புள்ளி. கத்த வாயைத் திறந்தவள் ஒரு கணம் தயங்கினாள். சட்டம் நினைவுக்கு வந்தது. அந்த ஒரு கணம்தான். பிறகு தொண்டை கிழியக் கத்தினாள்.

"கக்! கக்! கக்!"

குனிந்திருந்தவர்களின் காதில் அது விழாமல் இல்லை. எல்லாருக்கும் விழுந்தது. பன்றி, "மறுபடி ஆரம்பிச்சுட்டாடா!" என்று முனகிவிட்டுக் குடித்தது.

பொட்டு மட்டும் தலையைத் தூக்கியது. "அம்மா, கருமூஞ்சி அத்தை கத்துது."

"மைனா ஒண்ணும் சொல்லலையே கண்ணு. நீ குடி" என்றாள் செவலை.

பொட்டு அம்மா சொன்னதைக் கேட்டுக் குனிந்தது.

அவ்வளவுதான். கோரை பிளந்தது. தண்ணீர் தெறித்தது. எல்லாரும் சிதறி ஓடினார்கள். செவலையும் கால் போன பக்கம் ஓடினாள். ஓடி நின்று, பக்கத்தில் பார்த்தாள். பொட்டு இல்லை. திரும்பிப் பார்த்தாள். கரையில் சேற்றில் இரண்டு சின்னக் குளம்புத் தடம் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தது. அதில் தண்ணீர் ஊறி நிரம்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் செவலை மலையேறி அந்தப் பக்கம் போனாள். ஒரு காட்டெருமையின் முன்னால் உட்கார்ந்து மஞ்சக்காலன் கண்ணை மூடி ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்ப்பா சொல்லாமப் போனே?" என்றாள்.

அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "சொன்னோமேக்கா! 'உண்ணி உள்ளவரை'ன்னு முதல்லேயே சொன்னோம். நீங்களும் தலையை ஆட்டினீங்க. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை ஆட்டினீங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்க வருத்தம் எங்களுக்கும் வருத்தம்தான்" என்று மரியாதையாகச் சொன்னான். பிறகு காட்டெருமையிடம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து ஒப்பிக்கத் தொடங்கினான்.

செவலை காட்டெருமையைப் பார்த்தாள். "அவன் சொல்றதைக் கேளு அண்ணே, முழுசாக் கேளு" என்றாள்.

காட்டெருமை முதுகைச் சிலிர்த்துக்கொண்டது. "அரிக்குது தாயீ" என்று சொல்லிவிட்டுத் தலையை ஆட்டியது.

திரும்பி வந்து பெரியகொம்பனிடம் நின்றாள். அவர் துதிக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா நான் யாரையும் கட்டாயப்படுத்தலையேம்மா. எல்லாம் அவங்கவங்க விருப்பம்தானே?" என்றார். ஒரு மரத்தில் உரசிக் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டார். இப்போது சொறிய மைனா இல்லை.

செவலைக்கு அழுகை வரவில்லை. "எனக்கு நீங்க கொடுத்த விருப்பம் என்ன தெரியுமா ஐயா? தாகத்துல சாகிறதா, கோரைக்குள்ள சாகிறதா. அதுல ஒண்ணைத்தான் நான் எடுத்தேன்" என்றாள்.

மைனாவே இல்லாதபோது அந்தச் சட்டத்தை யாரும் மதிக்கவில்லை. பழைய வழக்கம் திரும்பி வந்தது. எல்லாரும் மருத மரத்துக் கரைக்கே வந்தார்கள். பாதிப் பேர் குனிய, பாதிப் பேர் நின்றார்கள். பழகாத கழுத்து வலித்தது. முயலுக்குத் தூரத்துச் சத்தம் சட்டென்று பிடிபடவில்லை. பன்றி முணுமுணுக்காமல் நின்றது. மரத்தில் கருமூஞ்சி, உடைந்த தொண்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

செவலை தன் முறை முடிந்த பிறகும் தலையை இறக்கவே இல்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

"குடி மதினி. நாங்க பார்த்துக்கிறோம்" என்றாள் கருமூஞ்சி.

"எம்புள்ளை தலையைத் தூக்குச்சு மதினி. நான்தான் குனியச் சொன்னேன்."

கருமூஞ்சி மரத்திலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். பன்றியும் வந்து நின்றது. வெகு நேரம் கழித்துச் செவலை மெல்லக் குனிந்தாள். மடியில் ஊறியிருந்த பால், குடிக்க வாயில்லாமல், சொட்டுச் சொட்டாகச் சேற்றில் விழுந்தது.

இலவசமாக வருகிற சௌகரியத்துக்குத் தலையாட்டும் முன்னால் அது நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஏனென்றால் நம் கண்ணையும் காதையும் மொத்தமாக ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால், அவர் போகும்போது அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகமாட்டார்.